டிஸ்க் மக்கர் பண்ணினால்: மெயின்ஃபிரேம் லினக்ஸில் லேபிளும் பார்ட்டிஷனும், அறிகுறி வாரியாக

சேலத்தில் ஃபேர்லாண்ட்ஸ், அஸ்தம்பட்டி, சூரமங்கலம் என்று ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, கடல் தாண்டி எங்கோ ஓடும் மெயின்ஃபிரேமுக்கு இரவு ஷிஃப்ட் பார்க்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். சர்வர் அறைக்குள் போய் ஒயரை ஆட்டிப் பார்க்கிற வாய்ப்பு நமக்குக் கிடையாது. திரையில் என்ன தெரிகிறதோ அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அப்படி முடிவெடுக்கும்போது பலரும் முதலில் கை வைப்பது ஃபார்மேட்டில். அதுதான் கடைசியில் வர வேண்டியது. பெரும்பாலான கேஸ்களில் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். அதன் தலைமாட்டில் எழுதியிருக்கும் லேபிளை ஒருத்தர் ஒரு மாதிரியும் இன்னொருத்தர் வேறு மாதிரியும் படித்திருப்பார்கள், கோளாறு அங்கேதான் இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை மேல் போடும் குறியைக் கடைக்காரரும் பார்ப்பார், சுமை தூக்குபவரும் பார்ப்பார், லாரி புக்கிங்காரரும் பார்ப்பார். யாராவது ஒருவர் தன் வசதிக்கு அந்தக் குறியை மாற்றினால் மற்ற இருவருக்கும் மூட்டை காணாமல் போய்விடும். டாஸ்டி என்ற மெயின்ஃபிரேம் டிஸ்க்கின் முதல் டிராக்கும் (டிராக் என்றால் டிஸ்க்கில் ஒரு வட்டத் தடம்) அப்படித்தான். மெயின்ஃபிரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ் அதைப் படிக்கிறது, ஒரே இயந்திரத்தில் பல கெஸ்ட் சிஸ்டங்களை ஓட்டும் இசட்/விஎம் படிக்கிறது, நம் லினக்ஸும் படிக்கிறது. மூன்று பேருக்கும் புரிகிற மாதிரி எழுதிய அமைப்புக்குத்தான் சிடிஎல் என்று பெயர். முதல் டிராக்கில் ஐபிஎல் (அதாவது பூட்) ரெக்கார்டுகளும் வால்1 லேபிளும், அடுத்த டிராக்கில் டிஸ்க்கில் எது எங்கே என்று சொல்லும் விடாக் அட்டவணையும் இருக்கும். பார்ட்டிஷன்கள் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். லினக்ஸுக்கு மட்டும் புரிகிற பழைய அமைப்பு எல்டிஎல். புதிதாகப் போடும் எதற்கும் எல்டிஎல் வேண்டாம்.

ஒரு நடைமுறை விஷயம். நடுராத்திரி போனில் வாசித்துக் காட்டும்போது பி எது, டி எது என்று கேட்பவருக்குப் புரியாது. அதனால் கட்டளைகளின் ஓரெழுத்துச் சுருக்கங்களை விட்டுவிட்டு நீளப் பெயர்களையே கொடுத்திருக்கிறேன். உதாரணங்களில் டிஸ்க்கின் எண் 0.0.0200, லினக்ஸில் அதன் பெயர் டாஸ்டிசி, அதன் முதல் பார்ட்டிஷன் டாஸ்டிசி1 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கே தெரியவில்லை

டாஸ்டிகளைப் பட்டியலிடும் எல்எஸ்டாஸ்டி அடித்தால் 0200 வரவில்லை. வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில் தேடுங்கள். லினக்ஸ் இசட்/விஎம் மேல் ஓடுகிறது என்றால் முதலில் "விஎம்சிபி க்யூ வி டாஸ்டி". அங்கேயே 0200 இல்லையென்றால் லினக்ஸில் நீங்கள் என்ன செய்தாலும் வராது. இசட்/விஎம்மில் கெஸ்டின் டைரக்டரியில் மினிடிஸ்க் (நிஜ டிஸ்க்கிலிருந்து கெஸ்டுக்கு வெட்டிக் கொடுக்கும் பகுதி) எழுதப்படவில்லை, அல்லது லிங்க் ஆகவில்லை. இசட்/விஎம் அட்மினிடம் போங்கள்.

அங்கே இருக்கிறது, லினக்ஸில்தான் இல்லை என்றால் அடுத்தது கெர்னலுக்குத் தெரிந்த சாதனங்களைக் காட்டும் எல்எஸ்சிஎஸ்எஸ். அதிலும் வராவிட்டால் சந்தேகம் சிஐஓ இக்னோர் பட்டியல் மேல். தேவையில்லாத நூற்றுக்கணக்கான சாதனங்களைக் கெர்னல் தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்று, பல நிறுவல்களில் பூட் பாராமீட்டரிலேயே எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்திருப்பார்கள். "சிஐஓ_இக்னோர் --லிஸ்ட்" பாருங்கள். 0200 அதற்குள் இருந்தால் "சிஐஓ_இக்னோர் --ரிமூவ் 0.0.0200". பிறகு "சிஎச்சிசிடபிள்யூடெவ் --ஆன்லைன் 0.0.0200". டிஸ்க் வந்துவிடும்.

வந்துவிட்டது, ஆனால் மறுநாள் ரீபூட்டுக்குப் பிறகு மறுபடி காணோம் என்றால், மேலே சொன்ன கட்டளை அந்த நேரத்துக்கு மட்டுமே ஆன்லைன் செய்யும் என்பதுதான் காரணம். நிரந்தரமாக வேண்டுமென்றால் "சிஎச்இசட்டெவ் --எனேபிள் டாஸ்டி 0.0.0200". அது இப்போதைக்கும் ஆன் செய்யும், ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கும் யூடெவ் விதியாகவும் எழுதிவைக்கும்.

என்/எஃப் என்று காட்டுகிறது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மிகப் பெரிய சேதம் நடப்பது இந்த இரண்டு எழுத்தில்தான்.

எல்எஸ்டாஸ்டியில் நிலை என்ற கட்டத்தில் என்/எஃப் என்று வந்தால் "நாட் ஃபார்மேட்டட்". காலி டிஸ்க் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சொல்வது அவ்வளவு பெரிய விஷயமில்லை. "இந்த டிஸ்க்கின் அமைப்பு எனக்குப் பிடிபடவில்லை" என்று லினக்ஸ் சொல்கிறது, அவ்வளவுதான். இசட்/ஓஎஸ் பக்கத்தில் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டேட்டா வால்யூமை (வால்யூம் என்றால் ஒரு முழு டிஸ்க்) யாராவது தவறுதலாக நம் லினக்ஸுக்குக் கொடுத்துவிட்டாலும் இதே என்/எஃப்தான் வரும். அதில் இருக்கும் ரெக்கார்டுகள் லினக்ஸ் எதிர்பார்க்கும் ஒரே அளவு பிளாக்குகளாக இருக்காது. அங்கே ஒரு வங்கியின் கணக்கே இருக்கலாம். ஃபார்மேட் போட்டால் போச்சு.

அதனால் ஃபார்மேட்டுக்கு முன்னால் மூன்று வேலை. ஒன்று, "எல்எஸ்டாஸ்டி --யுஐடி" அடித்து அந்த டிஸ்க்கின் முழு அடையாளத்தை எடுங்கள். தயாரிப்பாளர், ஸ்டோரேஜ் பெட்டியின் சீரியல் எண், துணை அமைப்பு எண், யூனிட் முகவரி எல்லாம் புள்ளி வைத்துப் பிரித்து வரும். ஸ்டோரேஜ் டீம் டிக்கெட்டில் கொடுத்த எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். 0200 என்ற எண்ணை நம்பாதீர்கள், அது நம் கெஸ்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. இரண்டு, டிக்கெட்டில் இசட்/ஓஎஸ் ஆட்கள் "எங்களுடையது இல்லை" என்று எழுத்தில் சொல்லியிருக்கிறார்களா பாருங்கள். வாய்மொழி போதாது. மூன்று, ஃபார்மேட் கட்டளையிலேயே "--செக்_ஹோஸ்ட்_கவுண்ட்" சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு எந்த இயங்குதளமாவது அந்த டிஸ்க்கை ஆன்லைனில் வைத்திருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். நம் லினக்ஸில் மவுன்ட் ஆகியிருந்தால் ஃபார்மேட் கட்டளையான டாஸ்டிஎஃப்எம்டி தானாகவே மறுத்துவிடும். பக்கத்து எல்பாரில் (அதே மெயின்ஃபிரேமின் இன்னொரு பிரிவில்) யார் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று அது தானாகப் பார்க்காது, நாம் சொன்னால்தான் பார்க்கும்.

எல்லாம் சரி என்றால்:

"டாஸ்டிஎஃப்எம்டி --பிளாக்சைஸ்=4096 --டிஸ்க்_லேஅவுட்=சிடிஎல் --செக்_ஹோஸ்ட்_கவுண்ட் --புரோகிரஸ்பார் /டெவ்/டாஸ்டிசி"

பெரிய வால்யூம் என்றால் நேரமெடுக்கும். ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டு வரலாம். ஆனால் கட்டளையை, இணைப்பு அறுந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன் உள்ளே போட்டுவிட்டுப் போங்கள். நம் ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மழைக் காலத்தில் கரன்ட் போகும், ஃபைபர் அறுந்துபோகும். ஏற்காட்டு வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் போன் ஹாட்ஸ்பாட்டோடு மலை இறங்கினால் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் சிக்னல் போகும். அப்படிப் போடாவிட்டால், எஸ்எஸ்எச் இணைப்பு செத்தால் அதோடு டாஸ்டிஎஃப்எம்டியும் சாகும். அது முதல் டிராக்கைச் செல்லாததாக்கிவிட்டு, மீதி எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் லேபிளை எழுதும். எனவே பாதியில் அறுந்தால் லேபிளே இல்லாத டிஸ்க்தான் மிஞ்சும். ஒருமுறை ஆஃப்லைன் எடுத்து, ஆன்லைன் கொண்டுவந்து, முதலிலிருந்து ஃபார்மேட் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கொடுத்த அளவு ஒன்று, வந்த அளவு ஒன்று

ஸ்டோரேஜ் டீம் 2.8 ஜிபி என்கிறார்கள், லினக்ஸ் 2.4 என்கிறது, மீதி எங்கே? யாரும் எடுக்கவில்லை. 3390 என்ற டிஸ்க் வகையின் மாடல் 3 என்பது 3339 சிலிண்டர், சிலிண்டருக்கு 15 டிராக், ஆக 50085 டிராக். ஒரு டிராக்கில் அதிகபட்சம் 56664 பைட் போகும் என்ற கணக்கில் அவர்கள் பெருக்கியிருக்கிறார்கள். 4096 பைட் பிளாக்குகளாக வெட்டினால் டிராக்குக்கு 12 பிளாக்தான் நிற்கும், அதாவது 49152 பைட். பிளாக்குகளுக்கு நடுவே இடைவெளியும் தலைப்பும் வேண்டுமே. 3390 என்ற நிஜப் பெட்டி 1989இல் வந்தது. அந்தப் பெட்டிகள் போய் வெகுகாலம் ஆகிறது, இன்றைய ஸ்டோரேஜ் அதே வடிவத்தைப் பாவனை செய்கிறது. இடைவெளிக் கணக்கும் கூடவே வந்துவிட்டது.

அளவு பாதியாகவே குறைந்திருந்தால் யாரோ 512 பைட் பிளாக் போட்டிருக்கிறார்கள். அப்போது டிராக்குக்கு 49 பிளாக், வெறும் 25088 பைட். எல்எஸ்டாஸ்டியில் பிளாக் அளவு என்ற கட்டத்தைப் பாருங்கள், 4096 இல்லையென்றால் திரும்ப ஃபார்மேட்தான். சரியாக இருக்கும் மாடல் 9 டிஸ்க் 10017 சிலிண்டருக்கு 7043 எம்பி என்று காட்டும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் சரிபார்க்க வசதி.

நேற்று இருந்தது, ரீபூட் ஆனதும் காணோம்

அடிக்கடி வரும் போன் இது.

"அண்ணா, நேத்து பிவி கிரியேட் போட்டேனுங்க, நல்லா வந்துச்சு. இன்னிக்கு ரீபூட் ஆனதும் வால்யூம் குரூப்பே இல்லீங்கண்ணா."

"எது மேல போட்ட? டாஸ்டிசி மேலயா, டாஸ்டிசி1 மேலயா?"

"டாஸ்டிசி மேலதானுங்க. முழு டிஸ்க்கும் வேணும்னுதான்."

அங்கேயே விடை கிடைத்துவிட்டது. சாதாரண பிசியில் முழு டிஸ்க்கையும், டிஸ்க்குகளை வால்யூம் குரூப்பாகச் சேர்க்கும் எல்விஎம்முக்குக் (பிவி கிரியேட் அதன் முதல் கட்டளை) கொடுக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். சிடிஎல் டாஸ்டியில் அது நடக்காது. ஏனென்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் எல்லா பிளாக்கும் 4096 பைட் என்று லினக்ஸ் வெளியே சொல்கிறது. ஆனால் முதல் இரண்டு டிராக்கில் நிஜத்தில் இருப்பவை குட்டி ரெக்கார்டுகள். முதல் ரெக்கார்ட் ஐபிஎல்லுக்கானது, அதில் டேட்டா வெறும் 24 பைட். இரண்டாவது 144 பைட். மூன்றாவதுதான் வால்1 லேபிள், 80 பைட். நீங்கள் முதல் பிளாக்கைப் படித்தால், டிரைவர் அந்தக் குட்டி ரெக்கார்டைக் கொடுத்துவிட்டு, 4096 வரை மீதி இடத்தை இ5 என்ற ஹெக்ஸ் மதிப்பால் நிரப்பிக் காட்டும். எழுதினால்? ரெக்கார்டுக்குள் பிடிக்கிற அளவுதான் டிஸ்க்கில் போய் உட்காரும், மற்றதெல்லாம் சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

எல்விஎம் தன் அடையாளத்தை 512ஆவது பைட்டில் எழுதுகிறது. இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் தன் தலைப்புப் பகுதியான சூப்பர்பிளாக்கை 1024இல் எழுதுகிறது. இரண்டும் 24 பைட்டுக்கு அப்பால். எழுதிய கையோடு பார்த்தால் மெமரியில் இருக்கும் கேஷிலிருந்து பதில் வருவதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ரீபூட்டில் கேஷ் போகும், உண்மை தெரியும். டிஸ்க்கை டம்ப் எடுத்துப் பார்த்தால் வரிசையாக இ5 இ5 இ5 என்று நிற்கும். அதைப் பார்த்தவுடன் "ஏதோ வைரஸ்" என்று பயப்பட வேண்டாம், டிரைவர் போட்ட நிரப்பல்தான்.

மருந்து ரொம்பச் சின்னது, பார்ட்டிஷன் போடும் எஃப்டாஸ்டி கட்டளை. "எஃப்டாஸ்டி --ஆட்டோ /டெவ்/டாஸ்டிசி" போட்டால் டிஸ்க் முழுவதற்கும் ஒரே பார்ட்டிஷன் வரும், மூன்றாவது டிராக்கிலிருந்து ஆரம்பிக்கும். டிராக் எண் 0இலிருந்து எண்ணப்படுவதால் திரையில் அது 2 என்று தெரியும். பிறகு எல்லாம் டாஸ்டிசி1 மேல். முழு டிஸ்க்குக்கும் நீங்கள் இழப்பது இரண்டே டிராக், ஒரு லட்சம் பைட்கூட வராது.

இதே காரணத்தால் முழு டிஸ்க்கை டிடி கட்டளை கொண்டு இன்னொன்றுக்கு நகலெடுப்பதும் வேண்டாம். புது டிஸ்க்கை டாஸ்டிஎஃப்எம்டி, எஃப்டாஸ்டி கொண்டு தயார் செய்துவிட்டு, பார்ட்டிஷன் வாரியாக நகலெடுங்கள்.

எஃப்டாஸ்டி உள்ளே விடமாட்டேன் என்கிறது

"டாஸ்டிவியூ --லேபிள் /டெவ்/டாஸ்டிசி" பாருங்கள். லேபிளின் முதல் நான்கு எழுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடும். அவை எப்சிடிக் என்ற மெயின்ஃபிரேம் எழுத்துக் குறியீட்டில் இருப்பதால் ஹெக்ஸில் பார்த்தால் இப்படி வரும்: வால்1 என்றால் இ5 டி6 டி3 எஃப்1, சிடிஎல் டிஸ்க், எஃப்டாஸ்டி வேலை செய்யும். எல்என்எக்ஸ்1 என்றால் டி3 டி5 இ7 எஃப்1, எல்டிஎல் டிஸ்க், ஒரே பார்ட்டிஷன் தானாகவே இருக்கும், எஃப்டாஸ்டிக்கு அங்கே வேலையில்லை. சிஎம்எஸ்1 என்றால் சி3 டி4 இ2 எஃப்1, யாரோ இசட்/விஎம் பக்கத்தில் சிஎம்எஸ் ஃபார்மேட் போட்டு வைத்திருக்கிறார்கள், அவர் யாரென்று கேட்காமல் தொடாதீர்கள்.

எல்எஸ்டாஸ்டியில் வகை என்ற கட்டத்தில் இசிகேடி (நாம் இதுவரை பேசிய டிராக் வகை) என்பதற்குப் பதில் எஃப்பிஏ (நிலையான பிளாக் வகை) என்றிருந்தால் இந்தக் கருவிகளே பொருந்தாது, டாஸ்டிஎஃப்எம்டியும் வேண்டாம். எஸ்டிஏ, எஸ்டிபி என்று வருகிற ஃபைபர் சேனல் ஸ்கஸி டிஸ்க்குகளுக்கு எஃப்டிஸ்க், பார்ட்டட் போதும். தலைகீழாக, இசிகேடி டிஸ்க்கில் பழக்கதோஷத்தில் எஃப்டிஸ்க்கைத் திறப்பவர்களும் உண்டு. திறந்தது பரவாயில்லை, எழுதாமல் வெளியே வந்துவிடுங்கள்.

லேபிள் வால்1தான், ஆனாலும் விடாக் சிதைந்திருக்கிறது என்று புகார் வந்தால், எஃப்டாஸ்டி மெனுவில் இரண்டு எழுத்து இருக்கிறது. யூ அழுத்தினால் இருக்கிற பார்ட்டிஷன் அளவுகளை வைத்துக்கொண்டு விடாக்கை மறுபடி உருவாக்கும். ஆர் அழுத்தினால் விடாக்கை மறுபடி உருவாக்கும், பார்ட்டிஷன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு. தூக்கக் கலக்கத்தில் இரண்டையும் மாற்றி அழுத்தாதீர்கள். அப்படியே அழுத்தினாலும் டபிள்யூ போடும்வரை டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது, க்யூ போட்டு வெளியே வந்துவிடலாம்.

நான்காவது பார்ட்டிஷன் கேட்டால் வராது. ஒரு டாஸ்டிக்குக் கெர்னல் ஒதுக்கியிருப்பது சாதனத்தை அடையாளம் காட்டும் நான்கு மைனர் எண்கள். ஒன்று முழு டிஸ்க்குக்கு, மூன்று பார்ட்டிஷனுக்கு. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரே பார்ட்டிஷன் போட்டு அதன் மேல் எல்விஎம்.

பார்ட்டிஷன் போட்டாயிற்று, டாஸ்டிசி1 வரவில்லை

டிஸ்க்கை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மவுன்ட், ஸ்வாப், எல்விஎம் மூன்றையும் பாருங்கள். விடுவித்துவிட்டு "பிளாக்டெவ் --ரீரீட்பிடி /டெவ்/டாஸ்டிசி". அப்படியும் வராவிட்டால் ஆஃப்லைன், ஆன்லைன். இதற்காக ரீபூட் கேட்டு டிக்கெட் போடத் தேவையில்லை.

ஒரு டிஸ்க் இன்னொன்றின் இடத்தில் மவுன்ட் ஆகிறது

டாஸ்டிஏ, டாஸ்டிபி என்ற பெயர்கள் டிஸ்க்குகள் ஆன்லைன் வரும் வரிசைப்படி கிடைப்பவை. நடுவில் ஒன்றைச் சேர்த்தால் அடுத்ததெல்லாம் நகரும். எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப்பில் அந்தப் பெயர்களை எழுதியிருந்தால் இன்றே மாற்றுங்கள். நான் பரிந்துரைப்பது /டெவ்/டிஸ்க்/பை-பாத்/சிசிடபிள்யூ-0.0.0200-பார்ட்1 என்ற வடிவம். படித்தவுடன் எந்த டிஸ்க் என்று மனிதருக்கும் தெரியும். ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாளமான யுயுஐடியும் பாதுகாப்பானதுதான், ஒரே ஒரு சமயத்தைத் தவிர.

அந்தச் சமயம் குளோன். ஸ்டோரேஜ் பெட்டியின் ஃபிளாஷ்காப்பியோ இசட்/விஎம்மின் நகல் கருவியான டிடிஆரோ முழு வால்யூமையும் நகலெடுத்தால் உள்ளே இருக்கும் யுயுஐடி, வால்சர் (லேபிளில் இருக்கும் டிஸ்க்கின் பெயர்) எல்லாம் அப்படியே வரும். மூலத்தையும் நகலையும் ஒரே கெஸ்டில் ஆன்லைன் கொண்டுவந்தால் பை-ஐடி கீழே வால்சர் பெயரில் இருக்கும் இணைப்பு ஒன்றுதான் இருக்கும், அது எந்த டிஸ்க்கைக் காட்டும் என்பது யார் கடைசியாக வந்தார் என்பதைப் பொறுத்தது. பை-பாத் மட்டும் குழம்பாது. நகலின் வால்சரை மாற்ற வேண்டுமென்றால் எஃப்டாஸ்டி மெனுவில் வி, ஆறு எழுத்துக்குள் புதுப் பெயர், பிறகு டபிள்யூ. பார்ட்டிஷனுக்குள் இருக்கும் டேட்டா தொடப்படாது.

பெயர் எதுவும் கொடுக்காமல் ஃபார்மேட் போட்டிருந்தால் வால்சர் 0எக்ஸ்0200 என்று டிஸ்க் எண்ணை வைத்தே அமைந்திருக்கும். எல்லா கெஸ்டிலும் 0200 இருப்பதால் ஊரெல்லாம் ஒரே பெயர். ஒரு முறை வகுத்துக்கொண்டு "--லேபிள்=" கொடுத்து ஃபார்மேட் செய்வது பிற்பாடு பெரிய உதவி.

இசட்/விஎம் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை என்கிறது

மேலே சொன்ன பெயர் வைக்கும் அறிவுரைக்கு ஒரு விலக்கு இருக்கிறது. வாரக்கணக்கில் ஒளிந்திருந்து வெளியே வருகிற கோளாறு என்பதால் கண்டுபிடிப்பது சிரமம்.

சாதாரண மினிடிஸ்க் நிஜ வால்யூமின் சிலிண்டர் 1இலிருந்தோ அதற்கு அப்பாலோ ஆரம்பிக்கும். சிலிண்டர் 0இல் இருப்பது இசட்/விஎம் பார்க்கும் நிஜ லேபிள். அதை நம் லினக்ஸால் தொட முடியாது. நாம் மினிடிஸ்க்குக்குள் என்ன பெயர் வைத்தாலும் அது நம் வீட்டுக்குள் மட்டும். ஆனால் முழு வால்யூமையும் ஒரே மினிடிஸ்க்காக, சிலிண்டர் 0இலிருந்தே கொடுத்திருந்தால் கதை வேறு. லினக்ஸ் எழுதும் வால்1 லேபிள்தான் இசட்/விஎம் படிக்கும் லேபிளும்.

ஒருவர் அப்படிப்பட்ட டிஸ்க்குக்கு டாஸ்டிஎஃப்எம்டி போடுகிறார், புதுப் பெயர் வைக்கிறார். அன்றைக்கு எதுவும் ஆகாது. வால்யூம் ஏற்கெனவே இசட்/விஎம்மிடம் இணைந்திருக்கிறது, எல்லாம் ஓடும். சில வாரம் கழித்து பராமரிப்புக்காக இசட்/விஎம்மை ஐபிஎல் செய்கிறார்கள். சிஸ்டம் கான்ஃபிக் கோப்பில் எழுதியிருக்கும் பழைய பெயரில் வால்யூமைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. கெஸ்ட் லாகான் ஆகும்போது அந்த வால்யூம் மவுன்ட் ஆகவில்லை, லிங்க் செய்ய முடியவில்லை என்று செய்தி. ஸ்டோரேஜ் டீம் "எங்கள் பக்கம் எல்லாம் பச்சை" என்பார்கள், அது உண்மைதான். பெயரை மாற்றியவர் அதற்குள் வேறு ஷிஃப்ட்டுக்குப் போயிருப்பார்.

சந்தேகம் வந்தால் இசட்/விஎம் அட்மினிடம் அந்த நிஜ முகவரியில் இப்போது என்ன வால்சர் தெரிகிறது என்று கேளுங்கள். கான்ஃபிக்கில் இருக்கும் பெயரோடு பொருந்தாவிட்டால் விஷயம் முடிந்தது. டிஸ்க்கை ஒரு லினக்ஸ் கெஸ்டுக்கு நேரடியாக அட்டாச் செய்து தரச் சொல்லி, எஃப்டாஸ்டியில் வி போட்டுப் பழைய பெயரைத் திரும்ப எழுதுங்கள், டேட்டா பத்திரமாக இருக்கும். டேட்டா இருக்கும் டிஸ்க்கில் இதற்காக மறுபடி ஃபார்மேட் என்ற பேச்சே வேண்டாம்.

வராமல் தடுக்க, முழு வால்யூம் மினிடிஸ்க்குகளில் எப்போதும் "--கீப்_வால்சர்" சேர்த்து ஃபார்மேட் போடுங்கள். இருக்கும் பெயரை அது விட்டுவைக்கும். எஃப்டாஸ்டி --ஆட்டோவுக்கும் இதே சொல் உண்டு. டிக்கெட்டில் மினிடிஸ்க் எங்கே ஆரம்பிக்கிறது என்று எழுதாமல் வந்தால், கேட்டு வாங்கிவிட்டுத்தான் அடுத்த வேலை. சின்ன விஷயத்துக்கு இத்தனை கேள்வியா என்று அந்தப் பக்கத்தில் சலித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

எழுத முடியவில்லை

மவுன்ட் ஆகிறது, ஆனால் படிக்க மட்டும். எல்எஸ்டாஸ்டியில் ஆக்டிவ் என்பதற்குப் பக்கத்தில் ஆர்ஓ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் காரணம் லிங்க் முறை. "விஎம்சிபி க்யூ வி டாஸ்டி"யிலும் ஆர்/ஓ என்று நிற்கும். டிஸ்க்கை ஆஃப்லைன் எடுத்து, விஎம்சிபி வழியாக டிட்டாச் செய்து, எம்ஆர் (எழுதும் உரிமை கேட்கும்) முறையில் மறுபடி லிங்க் செய்து, ஆன்லைன் கொண்டுவாருங்கள். எம்ஆர் கேட்டும் ஆர்/ஓவாகவே வந்தால் வேறொரு கெஸ்ட் எழுதும் உரிமையோடு பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது எம்டபிள்யூ (பலரும் எழுதும் முறை) போட்டால் வந்துவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வரும். இரண்டு லினக்ஸும் ஒரே இஎக்ஸ்டி4 மேல் எழுதும், கொஞ்ச நேரத்தில் ஃபைல் சிஸ்டம் கந்தலாகும். அந்த இன்னொரு கெஸ்ட் எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

இசட்/விஎம் இல்லாமல் எல்பாரில் நேரடியாக ஓடும்போது எழுதும் வேலை அப்படியே தொங்கி நின்றால் ரிசர்வ் பிரச்சினை. "டியூன்டாஸ்டி --க்வெரி_ரிசர்வ் /டெவ்/டாஸ்டிசி" அதர் என்று பதில் சொன்னால் வேறொரு சிஸ்டம் பூட்டி வைத்திருக்கிறது.

பூட் ஆகவில்லை

ஃபார்மேட், பார்ட்டிஷன், நகல் எல்லாம் பிரமாதம், ஐபிஎல் கொடுத்தால் ஒன்றுமே வரவில்லை. கோப்புகளை ஆர்சிங்க் கொண்டு நகலெடுத்தீர்களா, முழு வால்யூமையும் ஃபிளாஷ்காப்பி எடுத்தீர்களா என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

ஆர்சிங்க் என்றால், டிஸ்க்கைப் பூட்டுக்குத் தயார் செய்யும் ஜிப்பிள் கட்டளையை ஓட்டவில்லை. மெயின்ஃபிரேமில் பூட் செய்யும்போது ஃபைல் சிஸ்டத்தைப் படிக்கத் தெரிந்த யாரும் தொடக்கத்தில் இல்லை. கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் (பூட்டின் தொடக்கத்தில் கெர்னல் பயன்படுத்தும் கோப்புத் தொகுப்பு) டிஸ்க்கில் எந்த இடங்களில் கிடக்கின்றன என்ற பட்டியலை ஜிப்பிள் முன்கூட்டியே எழுதிவைக்கிறது. கோப்பு இடம் மாறினால் பட்டியல் பொய்யாகிவிடும். டிராக் 0இன் ஐபிஎல் ரெக்கார்டுகளும் கோப்பு நகலில் வராது. மீட்புச் சிஸ்டத்திலிருந்து அந்த டிஸ்க்கை மவுன்ட் செய்து, டெவ், பிராக், சிஸ் மூன்றையும் பைண்ட் செய்து, சிஎச்ரூட் போட்டு அதற்குள் நுழைந்து, "ஜிப்பிள் --வெர்போஸ்". எந்த டிஸ்க்கில் எழுதுகிறது என்பதை அது சொல்லும் வரியில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஃபிளாஷ்காப்பி என்றால் இடங்கள் அப்படியே இருக்கும், ஜிப்பிள் தேவைப்படாமலே கெர்னல் வரை வந்துவிடும். பிறகு ரூட் கிடைக்கவில்லை என்று நின்றால், புது கெஸ்டில் அந்த டிஸ்க்கின் எண் வேறு. கெர்னல் பாராமீட்டரில் ரூட் பாதையும், இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கட்ட டிராகட் பயன்படுத்தும் லினக்ஸ் விநியோகங்களில் ஆர்டி.டாஸ்டி மதிப்பும் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். சுலபமான வழி, புது கெஸ்டிலும் டிஸ்க்கை அதே எண்ணில் லிங்க் செய்வது. முடியாதென்றால் மேலே சொன்ன சிஎச்ரூட்டுக்குள் போய் பாராமீட்டரைத் திருத்தி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, அதன் பிறகு ஜிப்பிள். இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் ஜிப்பிள் ஓட்டிவிட்டு அப்புறம் இனிட்ராம்எஃப்எஸ் கட்டினால், பட்டியல் பழைய கோப்பு கிடந்த இடத்தையே காட்டும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதையெல்லாம் வாடிக்கையாளர் டிஸ்க்கில் பழக வேண்டாம். மெயின்ஃபிரேமைப் பாவனை செய்யும் ஹெர்குலிஸ் என்ற எமுலேட்டர் இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும். "டாஸ்டிஇனிட்" கட்டளைக்குக் கோப்பின் பெயர், 3390-3, ஒரு வால்சர் மூன்றும் கொடுத்தால் பொம்மை டிஸ்க் தயார். கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் அது 0200 ஆகிவிடும். முழு டிஸ்க் மேல் பிவி போட்டு ரீபூட் செய்து பாருங்கள், எஃப்டாஸ்டியில் யூவும் ஆரும் அழுத்திப் பாருங்கள், ஃபார்மேட் நடக்கும்போது வேண்டுமென்றே விண்டோவை மூடிப் பாருங்கள். கெட்டுப்போனால் அந்தக் கோப்பை அழித்துவிட்டு இன்னொன்று உருவாக்கிக்கொள்ளலாம்.